சுங்கை பூலோ: ஓத அட்டவணையோடு செல்ல வேண்டிய காப்பகம்

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்திற்குப் போய்விட்டு, அங்கே பறவைகள் ஒன்றும் பெரிதாக இல்லை என்று சலித்துக்கொண்டு திரும்பியவர்கள் சிங்கப்பூரில் பலர் உண்டு. எந்த மாதத்தில், எந்த வேளையில் சென்றீர்கள் என்று அவர்களிடம் கேட்டால், ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என்றோ, மதிய உணவுக்குப் பிறகு என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்துக்கொண்டு சென்றவர் எவரும் அப்படிச் சலித்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. இங்கே பார்வையாளருக்குக் கிடைக்கும் காட்சியின் தரத்தைத் தீர்மானிப்பது, சிங்கப்பூரையும் மலேசியாவையும் பிரிக்கும் ஜோகூர் நீரிணையின் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். அதை அறிந்து செல்பவருக்கு, நுழைவுக் கட்டணம் ஏதுமின்றி, ஒரு நகரத்தின் எல்லைக்குள்ளேயே, இவ்வளவு நெருக்கமாகவும் நிதானமாகவும் கரைப்பறவைகளைக் காட்டும் இடம் இந்த வட்டாரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கரைப்பறவைகளின் அன்றாடம் கடிகாரத்தைப் பொறுத்தது அன்று. கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றுப் படுகையில்தான் அவற்றுக்கு உணவு இருக்கிறது. புழுக்கள், சிறு நண்டுகள், சிப்பிகள் ஆகியவற்றை அவை அங்கே பொறுக்கித் தின்கின்றன. இரவானாலும் பகலானாலும் சேறு தெரியும் வரை உணவு தேடுகின்றன. காப்பகத்திற்குச் சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள மண்டாய் சேற்றுப் படுகை இவ்வகையில் அவற்றுக்கு முக்கியமான மேய்ச்சல் நிலம். கடல் ஏறி அந்தப் படுகை மூழ்கியதும், கால் நனையாமல் நின்று இளைப்பாறுவதற்கு ஆழமற்ற, அமைதியான, நாலாபுறமும் பார்வைக்குத் திறந்த ஓரிடம் அவற்றுக்குத் தேவைப்படுகிறது. அந்த இடம்தான் சுங்கை பூலோவின் குளங்கள். ஆகவே கடல் ஏறும் வேளையில் முதன்மைப் பார்வைக் குடிலில் அமர்ந்திருப்பவர், முதலில் நாலைந்தாகவும் பிறகு கூட்டங்கூட்டமாகவும் பறவைகள் வந்து இறங்குவதைக் காண்பார். கடல் முழுவதும் வற்றிய வேளையில் அதே குடிலில் அமர்ந்தால், அகன்ற குளத்தில் இரண்டொரு கொக்குகளும் ஓர் உடும்பும் மட்டுமே தென்படக்கூடும். இரண்டும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் நிகழ்பவை.

குளங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல என்பதையும் பார்வையாளர் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் இந்தக் காப்பகத்தின் மிகச் சிறந்த பணி கண்ணுக்குத் தெரியாமல் அங்கேதான் நடக்கிறது. இவை பழைய இறால் பண்ணைகள். அலையாத்திக் காட்டின் ஒரு பகுதியைக் கரை கட்டி வளைத்து, மதகு வைத்து, ஏறும் கடல்நீரோடு இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு, வற்றும்போது மதகில் வலை கட்டிப் பிடிப்பது அக்காலத் தொழில்முறை. பண்ணைகள் போன பிறகும் கரைகளும் மதகுகளும் நிலைத்துவிட்டன. காப்பகத்தை நடத்தும் தேசியப் பூங்காக் கழகத்தின் பணியாளர்கள் அதே மதகுகளைப் பயன்படுத்தி, வெளியே கடல் ஏறியிருக்கும்போது குளத்தில் நீர் மட்டத்தைத் தாழ்த்தி வைத்து, பறவைகள் நிற்கச் சேற்றுத் திட்டுகளை வெளிப்படச் செய்கிறார்கள். தொழிலுக்காகச் செய்த ஏற்பாட்டைப் பறவைகளுக்காகத் திருப்பிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீரின் அளவு சற்றே கூடினாலும் குட்டைக் கால் பறவைகளுக்கு இடம் இல்லாமல் போகும். சற்றே குறைந்து சேறு காய்ந்துவிட்டால் செடிகள் முளைத்து மூடிவிடும். பறவைகள் வலசை வந்து தங்கும் மாதங்கள் முழுவதும் இந்தச் சமநிலையைக் காத்து வருவது எளிய காரியம் அன்று.

இப்படி ஓர் இடம் எஞ்சியிருப்பதற்கே சிலருடைய விடாமுயற்சிதான் காரணம். 1986-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹேல் என்ற வங்கி அதிகாரி பறவை பார்க்க இப்பக்கம் வந்து, இதன் அருமையை உணர்ந்து தம் நண்பர்களுக்குச் சொன்னார். அப்போது மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையாக இருந்த அமைப்பின் உறுப்பினர்கள், இதைக் காக்க வேண்டும் என்று அரசுக்கு விரிவான முன்மொழிவு ஒன்றை அளித்தார்கள். அந்த முயற்சியில் பங்குகொண்டவர்களில் சுபராஜ் ராஜதுரையும் ஒருவர். 2019-இல் காலமான அவரைச் சிங்கப்பூரின் இயற்கை ஆர்வலர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். இந்நாட்டுத் தமிழர்கள் அவரை இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1989-இல் 87 ஹெக்டேர் பரப்பு இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-ஆம் நாள் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்து வைத்தார். 2002-இல் 130 ஹெக்டேராக விரிந்து சட்டப்படியான இயற்கைக் காப்பகமாக ஆனது. 2003-இல் ஆசியான் மரபுடைமைப் பூங்காக்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது. 2014-இன் இறுதியில் கிராஞ்சி வே சாலைப் பக்கத்து விரிவாக்கம் திறக்கப்பட்ட பிறகு இப்போது மொத்தப் பரப்பு 202 ஹெக்டேர். நிலம் பொன்னுக்குச் சமமான ஒரு தீவில் இந்த எண்கள் கூடிக்கொண்டே வந்திருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி பறவைகள். செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் முதன்மைக் குடிலிலிருந்து பார்க்கும்போது கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் சின்னக் கோட்டானாக இருக்கும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும், தலையில் ஓடும் கரிய பட்டைகளும் அதை எளிதில் காட்டிக்கொடுக்கும். பறக்கும்போது அது தொடர்ச்சியாக எழுப்பும் சீழ்க்கை ஒலியைக் கேட்டுப் பழகிவிட்டால், குடிலை அடையும் முன்பே கூட்டம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். அதற்கு அடுத்து எண்ணிக்கையில் மிகுந்து காணப்படுவது பவளக்காலி. செம்மஞ்சள் நிறக் கால்களோடு நெருக்கமாக, ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகில் செருகி உறங்கும் கூட்டத்தைத் தொலைநோக்கியில் மெல்லத் துழாவினால், நடுவே ஊசிபோன்ற அலகுடைய சதுப்பு உள்ளான் ஒன்றோ, சற்றே பெரிய பச்சைக்காலி ஒன்றோ தட்டுப்படும். கருவால் மூக்கன் வந்துவிட்டால் குடிலில் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள்கூட மெல்லிய குரலில் சொல்லிக்கொள்வார்கள்.

திட்டுகளின் உலர்ந்த பகுதியில் பொன்னிற உப்புக்கொத்திகள் நிற்கும். அக்டோபரில் அவை மங்கிய பழுப்பில், மண்ணோடு மண்ணாகத் தெரியும். மார்ச் மாத இறுதியில் சென்றால் அதே பறவைகள் சில, முகம் முதல் வயிறு வரை கறுத்து, முதுகில் பொற்புள்ளிகள் தெறித்து, வடக்கே புறப்படத் தயாராக நிற்பதைக் காணலாம். மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் செங்காவி நிறம் ஏறுவதும் அக்காலத்தில்தான். பருவத்தின் தொடக்கத்தில் மட்டும் சென்று வருபவர்கள், முடிவிலும் ஒருமுறை செல்லும்படி நான் வற்புறுத்திச் சொல்வேன். இறகு மாறிய பறவையைப் பார்க்கும்போதுதான் அது இங்கே விருந்தாளியாக மட்டுமே இருந்தது என்பது உறைக்கும்.

இப்பறவைகள் கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வலசைப் பாதையைச் சேர்ந்தவை. ஆர்க்டிக் வட்டத்துத் தூந்திரத்திலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் இப்பாதையில் 20-க்கும் மேற்பட்ட நாடுகள் அடங்கும். சிங்கப்பூரில் பிடித்து, காலில் பச்சை, வெள்ளை நிறக் கொடிகள் மாட்டி, சிலவற்றுக்குச் சிறு கண்காணிப்புக் கருவியும் பொருத்தி விடும் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவ்வாறு தொடரப்பட்ட பவளக்காலிகள் திபெத்தியப் பீடபூமி வரை சென்று இனப்பெருக்கம் செய்வது தெரியவந்துள்ளது. நூற்றைம்பது கிராம் எடைகூட இல்லாத ஒரு பறவை, அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து எழுந்து இமயத்தின் உயரத்தை எட்டுகிறது என்பதை அறிந்த பிறகு, குடிலின் எதிரே உறங்கும் கூட்டத்தை முன்புபோல் பார்க்க முடிவதில்லை. குடிலில் இருந்தபடி கொடி மாட்டிய கால்களைத் தேடுவது பார்வையாளர் எவரும் செய்யக்கூடிய பயனுள்ள வேலை. கொடியின் நிறத்தையும் அதிலுள்ள எழுத்தையும் படம் பிடித்துக் காப்பக அலுவலர்களிடம் தெரிவித்தால் அது ஆய்வுக்கு உதவும். மறுபுறம், இப்பாதையில் பறவைகள் இடையில் தங்கி உண்ணும் மஞ்சள் கடலோரச் சேற்றுப் படுகைகளில் பெரும்பகுதி, கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகளால் அழிந்துவிட்டது. இங்கே வந்து சேரும் எண்ணிக்கை அங்கே நடப்பவற்றையும் சார்ந்தது என்பதால், சுங்கை பூலோவில் எல்லாம் சரியாகச் செய்யப்பட்டாலும் பறவைகள் குறையக்கூடும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

வலசை மாதங்களுக்கு வெளியே செல்பவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, வக்கா ஆகியவை பல மாதங்களில் கண்ணில் படும். மதகுகளை விரைந்து கடந்து போகாமல் சற்று நின்று பார்ப்பது பலன் தரும். குளத்து நீர் வெளியேறும் வாயில் மீன்கள் திரளும்போது, தோசிக் கொக்கு மதகின் கட்டையில் கழுத்தை ஒடுக்கி, நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்து, ஒரே பாய்ச்சலில் கொத்தி எடுக்கும். வெண்கழுத்து மீன்கொத்தியின் உரத்த குரல் நாள் முழுவதும் கேட்கும். பருத்த சிவப்பு அலகுடைய பெரிய மீன்கொத்தியைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். வெண்வயிற்றுக் கடற்கழுகு, செம்பருந்து இரண்டும் ஆண்டு முழுவதும் வட்டமிடும். குளிர்கால மாதங்களில் விராலடிப்பானும் வந்து சேரும். திடீரென்று குளத்திலுள்ள கரைப்பறவைகள் யாவும் ஒரே வீச்சில் எழுந்தால், பார்வையாளர் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே ஏதோ ஒரு வேட்டைப் பறவை இருக்கும்.

தமிழகத்துக் குளங்களில் சங்குவளை நாரையைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே அதைக் கண்டதும் மகிழ்வார்கள். ஆயினும் சிங்கப்பூரின் சங்குவளை நாரைகள், விலங்குத் தோட்டத்தில் கட்டின்றிப் பறக்க விடப்பட்டவற்றின் வழி வந்தவை. அவை, அழிவின் விளிம்பில் உள்ள பால் நாரையோடு கலந்து கலப்பினக் குஞ்சுகளைப் பொரித்திருப்பதை மரபணு ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. தென்கிழக்காசியாவுக்கே உரிய பால் நாரையின் தூய மரபு இதனால் மங்கும் அபாயம் உண்டு. குளத்தில் நிற்கும் வெண்ணிற நாரையின் இறக்கையில் இளஞ்சிவப்புச் சாயலோ, மார்பில் கரும்பட்டையின் சுவடோ தெரிகிறதா என்று பார்ப்பது தேர்ந்த பறவை நோக்கர்களுக்கே சோதனையான வேலை. நத்தைகுத்தி நாரைகளும் அண்மை ஆண்டுகளில் சில வேளைகளில் வடக்கிலிருந்து பெருங்கூட்டமாகச் சிங்கப்பூருக்கு வந்திருக்கின்றன.

கடல் வற்றிய வேளைக்கு உரிய இடம் அலையாத்திக் காட்டின் மரப்பலகை நடைபாதை. அரைக் கிலோமீட்டர் நீளமே உடைய அதை இருபது நிமிடத்தில் நடந்து முடித்துவிடுபவர்கள் உண்டு. குனிந்து பார்த்துக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரமும் போதாது. சேற்றின் மேல் துடுப்புகளை ஊன்றித் தாவும் மீன்கள், தம் வளையைச் சுற்றி நீர்க்குழி அமைத்து, பக்கத்துக் குழிக்காரன் நெருங்கினால் முதுகுத் துடுப்பை விரித்து எதிர்ப்பைக் காட்டும். கடல் ஏறும்போது மரத்தண்டில் ஏறி, இறங்கும்போது கீழே வரும் நண்டுகள் உண்டு. ஆழத்து மண்ணை வாரிக் கொண்டுவந்து இடுப்பளவு மேடுகளைக் கட்டும் சேற்று இறால் பெரும்பாலும் கண்ணில் படாது. அதன் மேட்டில் குடியேறிய செடிகளும் பாம்புகளும் நண்டுகளும் கண்ணில் படும். வாயிலிருந்து நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் மீன்களைக் கடல் ஏறத் தொடங்கும் நேரத்தில் நடைபாதையின் ஓரத்து நீரில் காணலாம்.

மரங்களைப் பற்றியும் ஓரளவு அறிந்து செல்வது நல்லது. வளைந்த தாங்கு வேர்களோடு நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து குச்சிகளாக மூச்சு வேர்களை நீட்டியிருப்பது வெண்கண்டல். சிதம்பரத்துக்குத் தன் பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணுக்குத் தீங்கானது என்பதால் கிளையை ஒடிப்பது விதிமீறல் மட்டுமின்றி ஆபத்தும் ஆகும். ஐஸ் கச்சாங் என்ற பனிக்கட்டித் துருவல் இனிப்பில் நாம் விரும்பித் தின்னும் வழவழப்பான அத்தாப் சீ, இந்தக் காட்டின் விளிம்பில் தண்டே தெரியாமல் சேற்றிலிருந்து நேராக மட்டை விடும் நீப்பா பனையின் இளங்கொட்டைதான் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் அந்தப் பனையை விட்டு நகர மாட்டார்கள்.

முதலைகளைப் பற்றிக் கேட்காமல் எந்தக் குடும்பமும் கிளம்புவதில்லை. உவர்நீர் முதலைகள் இங்கே உண்மையாகவே வாழ்கின்றன. வாலின் நுனியை இழந்த ஒன்று டெயில்லெஸ் என்ற பெயரிலேயே வழக்கமான பார்வையாளர்களிடையே அறியப்பட்டது. சுங்கை பூலோ பெசார் ஆற்றின் மேலுள்ள பாலத்திலிருந்து கரைச் சேற்றைப் பார்ப்பதே அவற்றைக் காண்பதற்கு நல்ல வழி. எச்சரிக்கைப் பலகைகள் சொல்கிறபடி பாதையை விட்டு இறங்காமல், நீர் ஓரத்துக்குப் போகாமல், எதிர்ப்பட்டால் பதறாமல் மெல்லப் பின்வாங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. நீரில் நீந்திப் போகும் பெரிய உடும்பைக் கண்டு முதலை என்று கூவுவது இங்கே அடிக்கடி நடக்கும். அந்த உடும்புகள் இரண்டு மீட்டர் வரை வளர்பவை என்பதால் அதில் வியப்பில்லை. நீர்நாய்க் குடும்பங்களும் குளங்களில் வந்து மீன் பிடிக்கும். அவற்றின் கீச்சுக்குரல் கேட்டதும் ஓடிச் சென்று நெருங்குவதைவிட, இருந்த இடத்திலேயே நிற்பவருக்குத்தான் அவை நீண்ட நேரம் காட்சி தரும்.

வலசைப் பறவைப் பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம் உடையது. குளங்களைச் சுற்றிக் குடில்களை இணைத்துச் செல்கிறது. குடில்கள் மரத்தால் அமைந்து, நிழலும் காற்றோட்டமும் கொண்டு, உட்கார்ந்தவரின் கண் உயரத்திலும் சிறுவர் உயரத்திலும் திறப்புகளோடு இருப்பதால், இருநோக்கியை ஊன்றி வைத்துப் பார்க்க வசதியாக உள்ளன. ‘ஏரி’ (Aerie, கழுகுக்கூடு) என்று ஆங்கிலத்தில் பெயரிடப்பட்ட 18 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறினால் குளங்களின் அமைப்பு முழுவதும் விளங்கும். பறவை பார்ப்பதற்கு அந்த உயரம் அவ்வளவாக உதவாது என்பது என் கருத்து. மதகு, கரை, குளம், காடு, நீரிணை ஆகியவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிடச் சிறந்த இடம் இல்லை. கிராஞ்சி வே பக்கத்துக் கரையோரப் பாதை நிழல் மிகுந்தது. அதிலுள்ள ஈகிள் பாயிண்டில் நின்றால் எதிரே ஜோகூர் பாருவின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். காலை வேளையில் கடற்கழுகைக் காண நல்ல இடம். நடக்கச் சிரமப்படும் முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் இப்பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

இங்கே நடக்கும் வழிகாட்டு நடைகளைத் தொண்டூழியர்கள் நடத்துகிறார்கள். அவர்களோடு நடப்பதற்கும் தனியாக நடப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பச்சை இலையின் கீழ் பச்சையாகவே தொங்கும் பாம்பையும், அந்துப்பூச்சியின் கூட்டையும், மரப்பட்டையோடு ஒன்றிய நண்டையும் அவர்கள் சுட்டிக்காட்டும் வரை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாள், நேரம், முன்பதிவு ஆகியவை மாறக்கூடியவை என்பதால் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தமிழ் அமைப்புகளும் பள்ளிகளின் தமிழ்ப் பிரிவுகளும் இங்கே தமிழிலேயே பறவை நடைகளை நடத்த முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பவளக்காலி, விராலடிப்பான், நத்தைகுத்தி நாரை என்று பறவையின் உறுப்பையும் தொழிலையும் பார்த்துச் சூட்டிய பெயர்கள் நம்மிடம் இருக்கும்போது, நம் பிள்ளைகள் அவற்றைப் பறவையின் முன்னாலேயே கற்றுக்கொள்ள இதைவிட ஏற்ற இடம் சிங்கப்பூரில் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு இங்கே வந்து சேர்வது எளிதன்று. கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து 925-ஆம் எண் பேருந்து இருக்கிறது. அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் நகரத்தில் பழகியவர்களின் பொறுமையைச் சோதிக்கும். வார நாள்களுக்கும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களுக்கும் அது நிற்கும் இடம் வேறுபடும் என்பதால், எந்த நுழைவாயிலில் இறங்கப் போகிறோம் என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். சுற்றுவட்டாரம் பண்ணை நிலம். பசி எடுத்த பிறகு கடை தேடுவதை நம்பி வரக்கூடாது. குடிநீரைத் தாராளமாகக் கொண்டுவர வேண்டும். குளக்கரைப் பாதையின் சில பகுதிகளில் நிழல் இல்லை. காலை பத்து மணிக்கு மேல் வெயில் கடுமையாக இருக்கும். கொசுவும் மணல் ஈயும் உண்டு. வளர்ப்புப் பிராணிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் இங்கே அனுமதி இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது சில பார்வையாளர்களின் நடத்தை. வார இறுதிக் காலைகளில் பெரிய கேமரா வில்லைகளோடு வரும் சிலர் குடிலின் திறப்புகளை மணிக்கணக்கில் விட்டுக்கொடுக்காமல் அமர்ந்துவிடுவதால், பின்னால் நிற்கும் குழந்தைகள் ஒன்றையும் காணாமல் திரும்புகிறார்கள். அரிய பறவை ஒன்று வந்ததாகச் செய்தி பரவிவிட்டால், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து அதை வெளியே இழுப்பவர்களும் உண்டு. பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, அடுத்த பயணத்திற்கு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு ஒவ்வொரு தேவையற்ற எழுச்சியும் இழப்பு. குடிலில் குரலைத் தாழ்த்தி, அசைவைக் குறைத்து, பளிச்சிடும் நிற உடைகளைத் தவிர்த்து, பத்து நிமிடம் பார்த்தபின் பின்னால் இருப்பவருக்கு இடம் விடுவது யாருக்கும் கடினமான காரியம் அன்று.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மண்டாய் அலையாத்திக் காட்டையும் சேற்றுப் படுகையையும் சேர்த்து 72.8 ஹெக்டேர் பரப்பை இயற்கைப் பூங்காவாக்கும் முடிவு 2018-இல் அறிவிக்கப்பட்டது. 2020-இல் சுங்கை பூலோ, மண்டாய், கிராஞ்சி நன்னீர்ச் சதுப்பு ஆகியவற்றை உள்ளடக்கி 400 ஹெக்டேருக்கும் மேற்பட்ட இயற்கைப் பூங்காக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. பறவைகள் உண்ணும் இடமும் உறங்கும் இடமும் தனித்தனியே இருக்கும்போது, ஒன்றை மட்டும் காத்து மற்றொன்றைக் கைவிடுவதில் பொருள் இல்லை. அதனால்தான் மண்டாய் பற்றிய முடிவைச் சுங்கை பூலோவின் தரத்தைக் கூட்டிய முடிவாகவே நான் கருதுகிறேன்.

முதன்முறை செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில், அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய ஒரு வார நாளைத் தேர்ந்துகொள்ளலாம். அந்நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு மிகுதியாக இருப்பதால் சேற்றுப் படுகைகள் முழுவதுமாக மூழ்கி, பறவைகள் குளங்களுக்கு வந்தே தீர வேண்டியிருக்கும். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, ஏற்றம் உச்சமடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே முதன்மைக் குடிலில் அமர்ந்துவிட வேண்டும். காப்பகம் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடப்படுவதால் நேரத்திற்குக் குறைவில்லை. உச்ச ஏற்றம் கழிந்து பறவைகள் கூட்டங்கூட்டமாக எழுந்து கிழக்கே போகத் தொடங்கும்போது, கொண்டுவந்த உணவை உண்டுவிட்டு, பாலத்தில் சற்று நேரம் முதலைக்காகக் காத்திருந்து, பிறகு அலையாத்தி நடைபாதைக்குப் போனால், அதற்குள் சேறு வெளிப்பட்டு மீன்கள் தாவத் தொடங்கியிருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஓர் இருநோக்கி இருந்தால் போதுமானது. தொலைநோக்கியும் முக்காலியும் வைத்திருப்பவர்கள், பக்கத்தில் நிற்கும் குழந்தை கேட்கும் முன்பே அதை ஒருமுறை பார்க்கத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.